அப்பாவைக் கழுவியது யார்

பிப்ரவரி 9, ஞாயிறு

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமாக இருப்பதாக இன்று காலை ஆலயத்தில் போதகரே வாசித்துவிட்டார். பயிற்சி நிலையத்திலிருந்து உன் ஜெபக் கடிதம் நேற்றுதான் வந்ததாம். "கடல் கடந்து ஊழியத்துக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் நம் சபையின் பிள்ளை எழுதியிருக்கிறார்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். நான் மூன்றாவது வரிசையில், தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மாடி வீட்டம்மா ஒரு மணி நேரம் அப்பாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதால் வர முடிந்தது.

நீ எழுதியிருந்ததை உனக்கே ஒரு தடவை எழுதிக் காட்டுகிறேன். "பக்கவாதத்தில் படுத்துவிட்ட என் தகப்பனாரின் புண்களை நான் என் கைகளால் தினந்தோறும் கழுவியபோதுதான், கடலுக்கு அப்பால் கழுவப்படாமல் கிடக்கும் ஆயிரக்கணக்கான காயங்களைக் கர்த்தர் எனக்குக் காட்டினார். அந்த வாடை எனக்கு நறுமணமாக மாறியது."

நறுமணம் என்ற இடத்தில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. உண்மையாகவே வந்தது. கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் நான் உருகி அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவினார்.

அப்பா விழுந்த நாளிலிருந்து நீ பயிற்சிக்குக் கிளம்பிய நாள்வரை ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் நீ ஒரே ஒரு நாள் அந்த அறைக்குள் வந்து புண் கழுவும் பாத்திரத்தைப் பிடித்தாய். நான் கட்டைப் பிரித்தேன். நீ பாத்திரத்தை என் காலில் போட்டுவிட்டு ஓடிப்போய் வாசல் படியில் வாந்தி எடுத்தாய். அதையும் நான்தான் கழுவினேன். அதற்குப் பிறகு கதவுக்கு வெளியே நின்று ஜெபம் பண்ணினாய். சத்தமாகப் பண்ணினாய், அதை ஒத்துக்கொள்கிறேன்.

வாசித்து முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். வெளியே வந்தால் வரிசையாக எனக்குக் கைகுலுக்கல். "இப்படி ஒரு தம்பி கிடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும்" என்றார் ஒருவர். இன்னொரு அம்மா குரலைத் தாழ்த்தி, "நீங்களும் அப்பப்ப அவருக்கு ஒத்தாசையா இருந்திருப்பீங்க, இல்ல?" என்று கேட்டார். "ஆமா, அப்பப்ப" என்றேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவைப் புரட்டிப் போட்டேன். நான் இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில் எல்லாம் ஆகியிருந்தது. சொல்ல வேண்டியதில்லை, உனக்குத்தான் அது நறுமணம் ஆயிற்றே.

அக்கா


பிப்ரவரி 17

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். என் மனம் மிகவும் நொந்தது. ஊழியத்துக்குப் புறப்படும் பாதையில் முதல் தாக்குதல் சொந்த வீட்டிலிருந்தே வரும் என்று இங்கே வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். நம் குடும்பத்தில் பிரிவினை உண்டாக்கப் பிசாசு எடுக்கும் முயற்சியாகவே இதைப் பார்க்கிறேன், உங்களைக் குறை சொல்லவில்லை.

அது வகுப்பில் எழுதச் சொன்ன கடிதம். ஊரில் எங்களுக்காக ஜெபிக்கிறவர்களுக்கு எப்படி எழுதுவது என்று பழக்குகிறார்கள். வாசிப்பவர் கண்ணுக்கு முன்னால் ஒரு காட்சி நிற்க வேண்டும், அப்போதுதான் மறக்காமல் ஜெபிப்பார்கள் என்றார் ஆசிரியர். நான் முதலில் "நாங்கள்" என்றுதான் எழுதினேன். ஆசிரியர்தான் அதை அடித்து "நான்" என்று திருத்தினார். அது அப்படியே அச்சாகி அனுப்பப்படும் என்று எனக்குத் தெரியாது.

இங்கே ஒரு நிமிடம் ஓய்வு இல்லை. ஐந்து மணிக்கு எழுந்து தனி ஜெபம். பிறகு கழிவறை கழுவும் முறை. பிறகு நாங்கள் போகிற தேசத்து மொழியின் ஒலிகள். தொண்டைக்குள்ளிருந்து வரும் ஓர் எழுத்துக்காக மூன்று நாளாக எல்லாரும் எச்சில் காறுவது போலவே திரிகிறோம். நான் போகப்போவது மலைமேல் இருக்கும் ஒரு மருத்துவமனை. அங்கே ஜெனரேட்டர், எக்ஸ்ரே இயந்திரம், ஆக்சிஜன் கருவி எல்லாம் ஆண்டுக்கணக்கில் பழுதாகிக் கிடக்கின்றனவாம். ஒரு மின் பழுது பார்ப்பவனைக் கேட்டு ஏழு வருஷமாக ஜெபித்தார்களாம். ஏழு வருஷம், அக்கா. அந்த ஜெபத்துக்குப் பதில் நான் என்று நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

போன வாரம் எல்லாரையும் உயில் எழுதச் சொன்னார்கள். என் கருவிப் பெட்டியைத் தவிர எழுத ஒன்றும் இல்லை. அதை உங்கள் பெயருக்கு எழுதினேன்.

என் அறைத் தோழர் ஒரு கணக்கு வாத்தியார். யார் எது சொன்னாலும் "ஆமென்" என்பார். "தண்ணி வரல" என்றாலும் ஆமென். நாங்கள் அவரை ஆமென் வாத்தியார் என்றே கூப்பிடுகிறோம். அவரும் உங்களுக்காக ஜெபிக்கிறார்.

ஜூனில் புறப்பாடு. அப்பாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி


பிப்ரவரி 23

தம்பிக்கு,

பிசாசுக்கு நம் வீட்டில் ஒரு வேலையும் இல்லை. அது வந்தால் வரட்டும், அப்பாவை ஒரு பக்கம் பிடித்துப் புரட்டச் சொல்வேன். ஆள் பற்றாமல்தானே கிடக்கிறேன்.

ஆசிரியர் திருத்தினார் என்கிறாய். சரி. நறுமணத்தையும் அவரா போட்டார்?

இடுப்புக்குக் கீழே இருந்த புண் இப்போது என் உள்ளங்கை அளவு. ஓரம் கறுத்திருக்கிறது. மருந்தகத்துச் செவிலி வந்து பார்த்துவிட்டு, கறுத்ததைக் கத்திரியால் வெட்டி எடுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். வெட்டும்போது அப்பாவுக்கு வலிக்காது, அந்தச் சதை செத்துவிட்டது என்றார். செத்த சதை எது, உயிருள்ள சதை எது என்று கத்திரிக்குத் தெரியவில்லை. முதல் நாள் அப்பா கத்தினார். காலையில் இதை முடித்துவிட்டு, மாடி வீட்டம்மாவை அவ்வப்போது எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு, பத்து மணிக்குக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து பிறர் மூக்குக்குச் சட்டம் பொருத்திப் பார்க்கிறேன். குனிந்து நெருங்கினால் அவர்கள் லேசாகப் பின்வாங்குகிறார்கள். கடைக்காரர் என்னை உள்ளே லென்ஸ் தேய்க்கும் அறைக்கு மாற்றிவிட்டார். ஒரு வாசனைத் திரவியப் புட்டியை மட்டும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

நீ கடலைத் தாண்டு, மலையைத் தாண்டு, எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்கு முன்னால் இந்த வீட்டு அறையின் வாசற்படியை ஒரு தடவை தாண்டிக் காட்டு. ஒரு வாரம் வா. ஏழே நாள். அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் எழுதி அனுப்பு, நானே எழுந்து நின்று கைதட்டுகிறேன்.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை இதோடு மூன்று முறை எழுதிவிட்டேன். முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன், அவை நன்றாக இருந்தன.

பயிற்சியின் ஒரு பகுதியாக எங்களை இரண்டு வாரத்துக்கு ஒரு முதியோர் இல்லத்தில் விட்டார்கள். நாற்பது கட்டில். பாதிப் பேர் எழுந்து நடமாட முடியாதவர்கள். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் அந்த வாடை. அதே வாடை, அக்கா. நம் வீட்டு அறையே எனக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. ஆமென் வாத்தியார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நேராகக் கட்டில்களுக்குப் போய்விட்டார். நான் அந்த இல்லத்து மேலாளரைத் தேடிப் போய், ஏதாவது மின்வேலை இருக்கிறதா என்று கேட்டேன். பின்கட்டில் ஒரு ஜெனரேட்டர் பழுதாகிக் கிடந்தது. ஐந்து நாள் அதோடு இருந்தேன். டீசல் வாடை எனக்குச் சொர்க்கம்.

ஆறாம் நாள் எங்கள் பயிற்சி நிலைய முதல்வரம்மா அங்கே வந்தார். பத்தொன்பது வருஷம் வெளிதேசத்தில் மருத்துவச்சியாக ஊழியம் செய்தவர்.

"ஜெனரேட்டர் எப்ப ரெடியாகும்?"

"இன்னும் ரெண்டு நாள் ஆகும்மா."

"முந்தாநாளே ஓடுற சத்தம் கேட்டுச்சாமே."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் காது சுட்டது. இரண்டாம் நாளே அதைச் சரி செய்துவிட்டேன். மறுபடி கழற்றி, துடைத்து, மாட்டி, கழற்றி, துடைத்து, உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் குளிப்பாட்டும் முறைப் பட்டியலில் என் பெயர் இருந்தது. எனக்கு வந்தவர் ஒரு முன்னாள் கப்பல் சமையல்காரர். தோல் மடிப்பெல்லாம் வெந்து உரிந்திருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு தேய்த்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "அந்தப் பக்கம் பாத்துக்கிட்டுத் தேச்சா, தேச்ச எடத்தையேதான் தேப்ப. தோல் போயிடும், தம்பி." நான் உள்ளே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மீதியை முடித்தேன். என் மனதில் அன்பு ஒரு சொட்டுகூட இல்லை. எப்போது முடியும் என்பதுதான் இருந்தது. அவர்மேல் கோபம்கூட வந்தது, இப்படியா ஒரு உடம்பை வைத்துக்கொண்டு உயிரோடு இருப்பது என்று. இதை எழுத எனக்கே அருவருப்பாக இருக்கிறது. நான் யாரிடம் அன்பைப் பற்றிச் சொல்லப் போகிறேன்?

இன்னொன்று. ஆசிரியர் எதையும் திருத்தவில்லை. "நாங்கள்" என்று நான் எழுதவே இல்லை. முதலிலேயே "நான்" என்றுதான் எழுதினேன். எழுதும்போது அது பொய் என்றுகூடத் தோன்றவில்லை. நானே கழுவியது போல என் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஏப்ரல் 14 திங்கட்கிழமை வருகிறேன். ஏழு நாள் விடுப்பு கேட்டிருக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 21

அக்கா,

சொல்லாமல் கிளம்பியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் முதலில் வேறொன்றைச் சொல்லியாக வேண்டும்.

முதல் மூன்று நாள் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். நான் தண்ணீரும் துணியுமாக உள்ளே போவேன். அப்பா கண்ணை மூடிக்கொள்வார். நல்ல கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வார். "நீ வேணாம்," என்பார். "கர்த்தர் வேலைக்குப் போறவன். உன் கை இதுக்கில்ல. அவளக் கூப்புடு." உங்களைக் கூப்பிடுவேன். நீங்கள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவீர்கள். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் நீங்கள் கடையிலிருந்து ஓடி வந்தீர்கள். நான் புதுத் துணியோடு அறை வாசலுக்கு வந்தேன். நீங்கள் அப்போதுதான் விரிப்பை மாற்றி முடித்திருந்தீர்கள். அப்பா மறுபடியும் விரிப்பிலேயே போய்விட்டார். நீங்கள் அவர் வலது தொடையில் ஓங்கி அறைந்தீர்கள். ஒரு தடவை இல்லை. உணர்ச்சியில்லாத கால் என்று தெரிந்துதான் அந்தக் காலில் அறைந்தீர்கள். "செத்துத் தொலையேன், செத்துத் தொலையேன்" என்று மெதுவாக, ஏதோ எண்ணிக்கொண்டே வேலை செய்வது போலச் சொன்னீர்கள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது புதிது இல்லை என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

எனக்கு உங்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்த அறையின் எந்த வாடையும் எனக்கு அப்படிக் குமட்டியதில்லை. பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டேன்.

உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்று எழுத வந்தது. எழுதவில்லை.

தம்பி


ஏப்ரல் 27

தம்பிக்கு,

ஆமாம், அடித்தேன். அது முதல் தடவை இல்லை. ஜனவரியில் ஆரம்பித்தது. முதலில் தலையணையை அடித்தேன். பிறகு கட்டிலை. பிறகு அந்தக் கால். அவருக்கு வலிக்காது, எனக்குக் கொஞ்சம் ஆறும் என்று கணக்குப் போட்டேன். பிறகு ஒரு நாள் இடது கையைக் கிள்ளினேன். அந்தக் கைக்கு வலிக்கும். அது உனக்குத் தெரியாது, இப்போது தெரிந்துகொள்.

ஒவ்வொரு முறையும் அடித்த பிறகு அவருக்கு முகம் துடைத்து, தலை சீவிவிடுவேன். அது இன்னும் அசிங்கம். அவர் தலையைக் காட்டுவார். அம்மா இருந்த காலத்தில் பேருந்து ஓட்டிவிட்டு வந்து இந்த மனுஷன் போட்ட சத்தத்துக்குத் தெருவே எழுந்திருக்கும். இப்போது நான் சீப்பை எடுத்தால் தலையைக் குனிகிறார். கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்காமல் பல் துலக்கப் பழகிவிட்டேன்.

உன் பொய்யைக் காட்டி எழுதினேன் அல்லவா, எழுதிய அன்றைக்கும் அடித்தேன். ஆலயத்தில் நீ வாங்கிய கைதட்டல் எனக்கு வர வேண்டியது என்ற ஆங்காரம்தான் அது. வந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்து அடித்தும் இருப்பேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், பதில் சொல். நீ வாசலில் நின்றாய். பார்த்தாய். ஏன் உள்ளே வந்து என் கையைப் பிடிக்கவில்லை? "விடுக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், தரையில் விழுந்து அழுதிருப்பேன். யாராவது பிடிக்க மாட்டார்களா என்றுதான் கதவைச் சாத்தாமல் விட்டேனோ என்னவோ. நீ என்னைப் பார்த்து அருவருத்துக்கொண்டு பேருந்து ஏறிவிட்டாய். அந்த மலைமேலும் ஆட்கள் இருப்பார்கள், தம்பி. அப்பனை அடிக்கிறவள் அங்கேயும் இருப்பாள். அப்போது எந்தப் பேருந்தில் ஏறுவாய்?

அக்கா


மே 12

அக்கா,

உங்கள் கேள்விக்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். அதனால்தான் இவ்வளவு நாள்.

முதல்வரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபக் கடிதம், ஜெனரேட்டர், அப்பா, பேருந்து. உங்களைப் பற்றியும் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா என்னை ஜெபத்துக்கு அழைத்துவிடுவார் என்று பயந்தேன். அவர் நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்து, "உங்கக்காவுக்கு எத்தன நாளா லீவு இல்ல?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விரல் விட்டுப் பார்த்தேன். எட்டு மாதம்.

குழு கூடி என் ஜூன் பயணத்தை நிறுத்திவிட்டது. கடிதத்தில் பொய் எழுதியவனை அனுப்ப முடியாது என்றார்கள். முறைதான். எனக்குப் பதில் அந்த மலைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. ஏழு வருஷம் ஜெபித்தவர்கள் இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்க வேண்டும், என்னால். இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. அதை உபவாசம் என்று நினைத்து ஆமென் வாத்தியார் தானும் சாப்பிடாமல் இருந்தார், பாவம்.

நம் போதகருக்கு ஒரு திருத்தம் எழுதி, அதையும் ஆலயத்தில் வாசிக்கச் சொன்னேன். பதில் வந்தது. "உங்கள் தாழ்மையைப் பாராட்டுகிறேன். ஆனால் சபையாரின் மனம் சோர்ந்துவிடும், இப்போது வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். பொய் என்றால் மறுநாளே வாசித்தவர், உண்மைக்கு நல்ல நாள் பார்க்கிறார். படித்ததும் கையைக் கழுவ வேண்டும் போல இருந்தது. நானேதான் வாசிக்க வேண்டும்.

மே 25 வருகிறேன். இரண்டு மாதம். நான் வந்த மறுநாள் நீங்கள் கிளம்புகிறீர்கள். ஏரிக்கரை ஊரில் விடுதிக் காப்பாளராக இருக்கும் உங்கள் தோழிக்கு நானே எழுதிவிட்டேன். "அனுப்பி வை, கட்டிப் போட்டாவது தூங்க வைக்கிறேன்" என்று பதில் போட்டிருக்கிறார். மறுக்காதீர்கள். இது பிராயச்சித்தம் ஒன்றும் இல்லை. உங்கள் கையைப் பிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்.

தம்பி


ஜூன் 3

தம்பிக்கு,

வந்து சேர்ந்தேன். முதல் வாரம் தூக்கமே வரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை விழித்து, யாரைப் புரட்ட வேண்டும் என்று தேடினேன். நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் சாயங்காலம்வரை தூங்கினேன். தோழி செத்துவிட்டேனோ என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாளாம்.

என் கையில் இப்போது எந்த வாடையும் இல்லை. முகர்ந்து முகர்ந்து பார்க்கிறேன். எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும், பயமாக இருக்கிறது. நான் அவரை விட்டுவிட்டு வந்ததற்காகப் பயமில்லை. திரும்பிப் போகவே தோன்றவில்லை, அதுதான்.

இடது குதிகாலைத் தினமும் பார். சிவந்திருந்தால் அடியில் தலையணை வை. ரொட்டியைப் பாலில் நன்றாக ஊறவிட்டுக் கொடு, அவசரப்பட்டால் புரையேறும். கறுத்ததை வெட்டுமுன் கத்திரியைக் கொதிக்கவை. "அவளக் கூப்புடு" என்றால், அவள் ஊரில் இல்லை என்று சொல்.

அக்கா


ஜூன் 24

அக்கா,

குதிகால் நன்றாக இருக்கிறது. புண்ணின் ஓரம் சிவப்பாகியிருக்கிறது, அது நல்லது என்கிறார் செவிலி. உள்ளங்கை அளவு இருந்தது இப்போது மூன்று விரல் அளவு. அது உங்கள் கைவேலை, நான் வந்து ஒரு மாதத்தில் ஆறிவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில், அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்றேன். போதகர் கண்ணால் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. "பிப்ரவரியில வாசிச்ச கடிதத்துல நான் எழுதினது பொய். எங்கப்பாவ நான் கழுவல. எங்கக்கா கழுவினாங்க. நான் வெளிய நின்னேன். அதனால என்னை அனுப்பல" என்றேன். அவ்வளவுதான் பேச முடிந்தது. உங்களைப் பற்றி மற்றது எதையும் சொல்லவில்லை, அது உங்களுடையது. யாரும் நிமிரவில்லை. ஆர்கன் வாசிப்பவர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு பாட்டு எண்ணைச் சொல்லிப் பாடினார்கள். வெளியே வந்தபோது எனக்கு வழிவிட்டு விலகினார்கள், என்மேல் ஏதோ கொட்டியிருப்பது போல.

மாற்றம் ஏதாவது வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. தினமும் காலையில் துணியைப் பிரிக்கும்போது முகம் இன்னும் ஜன்னல் பக்கம் திரும்புகிறது. முதல் பத்து நாளில் ஏழு நாள் வாந்தி எடுத்தேன். இப்போது வாரத்துக்கு ஒன்று. அருவருப்பு போன பிறகு அன்பு வரும், அதற்குப் பிறகு தொடலாம் என்று இத்தனை நாள் காத்திருந்திருக்கிறேன். ஐந்து மணிக்கு எழுந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அது போகவே இல்லை, அக்கா. அதையும் கூட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருக்கிறது.

உங்களைப் போல எனக்கும் ஒரு நாள் கை ஓங்கியது. அதைச் சொல்லாமல் விட்டால் மறுபடி ஜெபக் கடிதம் எழுதியவன் ஆவேன். பதினெட்டாவது நாள். மூன்றாவது தடவை விரிப்பு மாற்றிய பிறகு. கை மேலே போய்விட்டது. மாடி வீட்டம்மா அந்த நேரம் பார்த்துக் கிண்ணம் திருப்பித் தர வந்தார்கள். எட்டு மாதத்தில் நீங்கள் எத்தனை முறை அடிக்காமல் இருந்திருப்பீர்கள் என்று அன்றைக்கு நினைத்துப் பார்த்தேன். அதை யாரும் பார்க்கவில்லை.

அப்பா முதல் இரண்டு வாரம் கண்ணைத் திறக்கவில்லை. என்னைத் தொடவிட்டது, நீங்கள் இல்லை என்பதால்தான். ஏதோ விருந்தாளி கழுவுவது போலக் கூசிக் கிடப்பார். "போதும், போதும், ஐயாவுக்கு சிரமம்" என்று முணுமுணுப்பார். பெற்ற மகனை ஐயா என்கிறார்.

போன வெள்ளிக்கிழமை காலை குளிராக இருந்தது. குழாய்த் தண்ணீரில் கை கழுவிவிட்டு அப்படியே முதுகில் வைத்துவிட்டேன். துள்ளினார். கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்து, "அறிவு கெட்டவனே, கை சில்லுன்னு இருக்குல்ல" என்றார். வார்த்தை குழறியது, ஆனால் பழைய சத்தம். பேருந்து ஓட்டிய சத்தம். நான் அடுப்படிக்குப் போய்ச் சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அழவில்லை. சிரித்தேனா என்றும் தெரியவில்லை. வெளிதேசத்துக்குப் போகிற ஊழியக்காரனை அவர் அடிக்கடி கும்பிட்டார், மகனை இப்போதுதான் திட்டுகிறார்.

முதல்வரம்மா எழுதியிருக்கிறார். அக்டோபரில் மறுபடி குழு கூடுகிறது, உன்னை அனுப்பலாமா என்று நீயே சொல் என்கிறார். நான் இன்னும் பதில் போடவில்லை. நான் போனால் இங்கே மறுபடி நீங்கள் தனியாக. அப்படிப் போக மாட்டேன். நீங்கள் சொல்லுங்கள்.

தம்பி


செப்டம்பர் 16

தம்பிக்கு,

நீ திரும்பிப் பயிற்சிக்குப் போய் ஏழு வாரம் ஆகிறது. குழு முன்கூட்டியே கூடி உன் பயணத்துக்கு அக்டோபர் 20 என்று நாள் குறித்துவிட்டதாக முதல்வரம்மா எனக்கே தனியாக எழுதியிருந்தார். போ. போகச் சொல்லி நான்தான் உன்னை விரட்டினேன், இப்போது வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ள மாட்டேன். அந்த ஆக்சிஜன் கருவி யாருக்காவது இப்போதே தேவைப்பட்டுக்கொண்டிருக்கும். வருஷத்துக்கு ஒரு மாதம் வந்து என்னை ஏரிக்கரைக்கு அனுப்புவதாகச் சொன்னாயே, அதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. உன் பேச்சை நம்புகிற நிலையில் நான் இன்னும் இல்லை.

நான் திரும்பி வந்த பிறகு இரண்டு தடவை கை ஓங்கியது. ஒரு தடவை அடித்தேன். மறைக்கவில்லை. செவிலியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் அதிர்ந்துபோகவில்லை. "தனியாப் பாக்குறவங்க எல்லாரும் ஒரு நாள் இதைச் சொல்லுவாங்க, ஆள் சேருங்க முதல்ல" என்றார்.

அதனால் போன மாதம் ஆராதனை முடிந்து வாசலில் நின்றேன். வருகிறவர்களை நிறுத்தி, "காலைல ஏழு மணிக்கு எங்கப்பாவக் கழுவ ஒரு ஆள் வேணும். வாரத்துல ஒரு நாள் வந்தாப் போதும்" என்று கேட்டேன். ஜெபிக்கிறோம் என்றார்கள். முதுகு வலி என்றார்கள். போதகர் இதற்கென்று ஒரு குழு அமைக்கலாம் என்றார். உலகத்தில் உள்ள எல்லாக் குழியையும் மூடிவிடலாம், அவர் இதுவரை அமைக்கலாம் என்று சொன்ன குழுக்களைப் போட்டு. எனக்கு அவர்கள் முகத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை. கிளம்பிவிட்டேன்.

பின்னாலேயே பாடகர் குழுத் தலைவியம்மா வேகமாக வந்தார். உனக்குத் தெரியும், பவுடர் கலையாமல், துணி கசங்காமல், யாராவது தும்மினால் இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்காருகிறவர். "நான் வரேன். புதன்கிழமை" என்றார். நான் நம்பவில்லை.

புதன்கிழமை வந்தார். நான் கட்டைப் பிரித்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார். குழாயடியில் வாந்தி எடுத்தார். வேர்த்து, பவுடரெல்லாம் கோடு கோடாக இறங்கியிருந்தது. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம். "என்னால முடியல" என்றார். "முடியாதுதான். அடுத்த வாரம் வாங்க" என்றேன்.

போன புதன்கிழமை ஏழு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் அந்த அம்மா, மூக்கையும் வாயையும் மூடி ஒரு பெரிய துணியைப் பின்தலையில் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கண் மட்டும்தான் தெரிகிறது. நேராக உள்ளே போய் அப்பாவின் தோளைப் பிடித்தார். அப்பா அவரை உற்றுப் பார்த்தார்.

"திருடி மாதிரி இருக்கு" என்றார்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துணிக்குள்ளேயே சிரித்தார். ஆனால் துணியை அவிழ்க்கவில்லை. "எந்தப் பக்கம் புரட்டணும், சொல்லுங்க" என்றார். இடப்பக்கம் என்றேன். இரண்டு பேருமாகப் பிடித்துப் புரட்டினோம்.

அக்கா